காரின் உள்ளறைக்கு வீட்டிலேயே புது நிறம்

(ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், சித்திரபுரம்)

சென்ற பொங்கல் விழாவுக்கு எங்கள் பழைய மாருதி 800 காரில் வந்திருந்தேன். புறப்படும் நேரத்தில் அன்பர்கள் சிலர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில் கொடுத்தீர்கள் சார்? புதுசு மாதிரி இருக்கிறதே!" என்று கேட்டார்கள். கடையில் கொடுக்கவில்லை, வீட்டு வாசலில் நானும் என் மனைவியும் செய்தது என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று இதழ்க் குழுவினர் பிடித்துக்கொண்டார்கள். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பட்டறையில் உடன் வேலை செய்பவருக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மூணாறுக்குப் போகும் வழியில் இரண்டாம் மைலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சித்திரபுரம். 1940-ல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை ஒட்டி வளர்ந்த ஊர். மழையும் மூடுபனியும்தான் இங்கே சொத்து. ரயிலே இல்லாத மலையிலிருந்து ரயில்வேக்குப் போனவன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. ஆனால் இந்த மலையிலும் ரயில் இருந்தது. மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-ல் குறுகிய பாதை ரயிலும் ஓடின. 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அழித்துவிட்டது. தண்ணீர் ஒரு ரயில் பாதையையே கொண்டுபோன மலையில் நம் கார் எம்மாத்திரம்!

தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. காரின் உள்ளே நிறம் அடிப்பது கடைசி வேலை. ஈரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இதை நான் பட்டறையில் முப்பது வருடம் பார்த்தும், சொந்தக் காரில் மறந்துபோய்த் தண்டம் கட்டினேன்.

முதல் தோல்வி

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருடம், இடவப்பாதி மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. வேலை ஒன்றும் இல்லை. ஸ்ப்ரே டப்பா இரண்டு வாங்கி வந்து, கதவுப் பலகைகளைக் கழற்றாமலே துணியால் துடைத்துவிட்டு அடித்தேன். அரை மணி நேரத்தில் சாம்பல் நிறத்தின் மேல் பால் ஊற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள். ஒரு மாதத்தில் கை படும் இடங்களில் தோல் உரிந்தது. கார்பெட்டில் அடித்த நிறம் வேட்டியில் ஒட்டியது. மனைவி சொன்னது இந்த இதழில் அச்சிடத் தக்கதல்ல.

வெள்ளைத் திட்டுக்குக் காரணம் எளிது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? மேலே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால். பெயிண்டில் உள்ள கரைப்பானும் அப்படித்தான் ஆவியாகி, அடித்த இடத்தைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த இடத்தில் நுண்ணிய நீர்த்துளி படிந்து பெயிண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு தை, மாசி மாதங்களே ஏற்றவை. அதிலும் காலைப் பனி விலகிய பின், பதினொரு மணிக்கு மேல் இரண்டு மணிக்குள். வெளியே காயப்போட்ட துணி மதியத்துக்குள் காய்கிறதா? அன்றைக்கு அடிக்கலாம்.

முதலில் ஈரம்

ரயில் பெட்டி பழுதுபார்ப்புக்குப் பட்டறைக்குள் வந்தால் நேரே வண்ணம் பூசும் கொட்டகைக்குப் போகாது. முதலில் துரு பார்ப்பார்கள். பழைய எஃகுப் பெட்டிகளில் கழிவறைக்கு அடியிலும் கதவருகிலும் உள்ள தரைத் தகடுதான் முதலில் அரிக்கும். தண்ணீர் நிற்கும் இடம் அதுவே. காரிலும் அதே கதைதான்.

முன் இருக்கைகளின் போல்ட்டுகளைக் கழற்றி வெளியே எடுங்கள். கதவு நிலையின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளையும் எடுத்துவிட்டுக் கார்பெட்டைத் தூக்குங்கள். அடியில் உள்ள பஞ்சு மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். எங்கள் காரில் மேலே உலர்ந்திருந்தது. அடியில் அழுத்தினால் தண்ணீர் வந்தது. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டுக் குறை கண்டுபிடிக்கும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. அதேபோல் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரைத் தகட்டை எங்கும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். இருக்கையும் சீட் பெல்ட்டும் பூட்டியிருக்கும் இடங்களைச் சுற்றி அரித்திருந்தால் நிற ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, வெல்டரிடம் காட்டுங்கள். மோதல் நேரத்தில் உங்களைப் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு விரற்கடைத் தகடுதான். மேலோட்டமான துருவாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் இரண்டு கோட்டு பூசினால் போதும்.

தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே போகாதீர்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். மேலிருந்து விட்டால் எந்த ஓட்டை என்று தெரியாது. வழக்கமான குற்றவாளிகள் மூன்று: முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கின் மூலைகள், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள், கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே. அது அடித்துளை வழியாக வெளியேற வேண்டும். துளையில் சேறு அடைத்தாலோ, பிளாஸ்டிக் தாள் கிழிந்தாலோ உள்ளே வந்துவிடும். எங்கள் காரில் தாள் கிழிந்திருந்தது. முன்பு யாரோ கண்ணாடி பழுது பார்த்தபோது கிழித்துப் போட்டது. கெட்டியான பாலிதீன் தாளை அதே அளவில் வெட்டி ஒட்டினேன். செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை.

பூஞ்சணம் பிடித்த இடங்களை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடையுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ப்ளீச்சிங் பவுடரை வினிகருடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

எந்தப் பிளாஸ்டிக்?

கழற்றிய பாகத்தின் பின்புறம் பாருங்கள். பெரும்பாலும் ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். பிபி என்பது பாலிப்ரோப்பிலீன். இதன் மேல் எந்தப் பெயிண்டும் தானாக ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்தான். இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடித்தாக வேண்டும். ஏபிஎஸ் நன்றாக ஒட்டும். ஆனால் தின்னரால் துடைத்தால் கரைந்து வெடித்துவிடும்.

எழுத்து இல்லையென்றால் பின்புறத்து ஓரத்தில் நகக்கண் அளவு சீவி, சோப்புத் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். தாதுப்பொடி கலந்த பாலிப்ரோப்பிலீன் சில சமயம் மூழ்குவதால், சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் பிரைமரை அடித்துவிடுவதே நல்லது. நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரெக்ஸின் இருக்கைக்கு இந்த ஸ்ப்ரே உதவாது. ரெக்ஸினை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மேலே வரும். சாதாரணப் பெயிண்ட் பிசுபிசுத்து, பின் வெடிக்கும். வினைலுக்கென்றே உள்ள வண்ணத்தை வாங்குங்கள்.

சுத்தமும் அடிப்பதும்

பளபளப்புக்காக வருடக்கணக்கில் பூசிய சிலிகான் பாலிஷ்தான் பெயிண்டின் முதல் எதிரி. அது இருக்கும் இடத்தில் பெயிண்ட் மீன் கண்போல் விலகி ஓடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சோப்புத் தண்ணீரும் கொண்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். தானாகவே மங்கிச் சொரசொரப்பாகிவிடும். காய்ந்த பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி அழுக்காகாமல் வரும்வரை இதைத் தொடருங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது.

டப்பாவை ஒரு சாண் தூரத்துக்குச் சற்று மேலே பிடித்து, பாகத்தின் ஓரத்துக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, மறு ஓரம் தாண்டி விடுங்கள். முதல் கோட்டு பழைய நிறம் தெரியும்படி மெல்லியதாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று நான்கு மெல்லிய கோட்டு, ஒரே தடித்த கோட்டைவிட நூறு மடங்கு மேல். மறுநாள் பூட்டலாம் என்றாலும், நகம் பட்டால் கீறாத அளவுக்கு இறுக ஒரு வாரம் வேண்டும்.

காருக்குள் வைத்து அடிக்காதீர்கள். கழற்றி வெளியே வைத்து அடியுங்கள். ஆவி தலைசுற்ற வைக்கும். தீப்பொறி பட்டால் எரியும். ஹார்டனர் கலக்கும் இரட்டைப் பெயிண்டை வீட்டில் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது.

டேஷ்போர்டின் மேல்பக்கம்

இது என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. இரண்டாம் முறை எல்லாம் நன்றாக அமைந்த உற்சாகத்தில் டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு வெளிர் சந்தன நிறத்தைப் பளபளப்பாக அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஒரு மாலை நான்கு மணிக்கு அடிமாலி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மெல்லிய பனி, எதிரே சாய்ந்த வெயில். வெயில் டேஷ்போர்டில் பட்டு முன் கண்ணாடியில் பிரதிபலித்தது. சாலைக்கு மேல் ஒரு வெள்ளைத் திரை விழுந்ததுபோல் இருந்தது. விறகுக் கட்டுடன் ஓரமாக நடந்துபோன ஓர் அம்மாவை, பத்தடி தூரத்தில்தான் கண்டேன். பிரேக் பிடித்தது, கடவுள் காப்பாற்றினார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

கார் செய்பவர்கள் டேஷ்போர்டின் மேல்பக்கத்தைக் கறுப்பாகவும் மங்கலாகவும் விடுவது செலவை மிச்சப்படுத்த அல்ல. முன் கண்ணாடி சாய்ந்திருப்பதால் அடியில் உள்ளதை ஓட்டுநர் கண்ணுக்குத் திருப்பிவிடும். மறுநாளே மங்கல் கறுப்பு அடித்தேன். அழகுக்கு நிறம் வேண்டுமென்றால் கதவுப் பலகையில் காட்டுங்கள். டேஷ்போர்டின் மேல்பக்கம் மட்டும் மங்கல் கறுப்பு அல்லது அடர் சாம்பல்.

கார்பெட்

கார்பெட்டை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அழுக்கைத்தான் நிறம் போனது என்று நினைத்திருப்போம்.

அதன்பின்னும் நிறம் மாற்ற வேண்டுமானால், அதே தண்ணீர்ச் சோதனை. நாலைந்து இழைகளைப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றிப் பாருங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன். எந்தச் சாயமும் ஏறாது, காசை வீணாக்காதீர்கள். பழைய கார்பெட்டையே அளவுத்தாளாக வைத்து, சீட் கவர் கடையில் புது மேட்டிங் வெட்டிக்கொள்வதே லாபம். மூழ்கினால் நைலானோ பாலியெஸ்டரோ. கார்பெட்டுக்கும் துணிக்கும் என்று விற்கும் ஸ்ப்ரேயை மெல்லிய கோட்டாக அடித்து, காய்வதற்குள் கெட்டிப் பிரஷ்ஷால் நாலா பக்கமும் வாரிவிடுங்கள். வாராவிட்டால் அப்பளம்போல் விறைத்துவிடும். வெளிர் நிறத்தை அடர் நிறமாக்கலாம். அடர் நிறத்தை வெளிராக்க முடியாது. இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டவில்லை என்று கண்ட பிறகே காரில் போடுங்கள்.

பூட்டிய பின் ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றையும் முழுக்க அமுக்கிப் பாருங்கள். கார்பெட் எங்கும் தடுக்கக் கூடாது. பெடல் தானே திரும்ப வேண்டும். இருக்கை போல்ட்டுகளை இறுக்கியதை வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது கண் பார்ப்பது பட்டறை வழக்கம். அதை வீட்டிலும் விடாதீர்கள்.

தொடக் கூடாதவை

சீட் பெல்ட் நாடாவுக்குச் சாயமோ ஸ்ப்ரேயோ போடக் கூடாது. இழை பலம் இழக்கும். காற்றுப்பை இருக்கும் ஸ்டீயரிங் மூடிக்கும் டேஷ்போர்டு மூடிக்கும் அடிக்கக் கூடாது. அவை குறித்த இடத்தில், குறித்தபடி பிளக்க வேண்டியவை. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை கட்டாயம். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு தெரிந்தால் அந்த இருக்கையை நீங்கள் கழற்ற வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதில் நிறம் அடித்தது ஒரே ஒரு மதியம்தான். மீதி நாளெல்லாம் ஈரம் தேடவும், கழுவவும், காயவைக்கவும் போயின. அந்த மதியத்துக்காக அவசரப்படாதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது. மார்கழியிலேயே கார்பெட்டைத் தூக்கிப் பார்த்து வையுங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும்.