சிறு பதிப்பகத்தின் அன்றாடப் பணி

நூலைப் படிப்போர் பலர்; எழுதுவோர் சிலர்; எழுதியது நூலாகும் வழியை அறிந்தோர் மிகச் சிலரே. ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார், அச்சகம் அடித்துத் தருகிறது என்பதே பெரும்பாலோர் எண்ணம். இவ்விருவர்க்கும் இடையே நின்று, எழுத்தை ஆராய்ந்து, பிழை களைந்து, பொருள் முடக்கி, படிப்போர் கையில் சேர்ப்பிக்கும் பதிப்பாளரை உலகம் பெரும்பாலும் காண்பதில்லை. பெரிய நிறுவனங்களில் இப்பணியைப் பலர் பங்கிட்டுச் செய்வர். சிறு பதிப்பகத்திலோ இருவரோ மூவரோ அனைத்தையும் தாங்குவர். அவர்தம் ஒருநாள் வேலை எத்தகையது என்பதை அறிவது, நூல்களோடு வாழும் தமிழாசிரியர்க்குப் பெரிதும் பயன்தரும்.

சிங்கையில் தமிழ் அச்சு

கிடைத்துள்ள சிங்கைத் தமிழ் நூல்களுள் பழமையானது 1872-இல் அச்சான ‘முனாஜாத்துத் திரட்டு’ ஆகும். அதன்பின் 1887-ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் கிழமை இதழைத் தீனோதய வேந்திரசாலையில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். 1890 வரை அஃது நடைபெற்றது. யாழ்ப்பாணத்து வண்ணை நகர்ச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகரந்தாதி’ வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. தமிழகத்தில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் பதிப்பித்த ஆண்டும் 1887 தான். தாயகத்தில் ஏட்டுச் சுவடிகள் அச்சேறிய அதே ஆண்டில், கடல் கடந்த ஊரில் புதுச் செய்யுளும் செய்தியும் அச்சேறின.

இவர்களுள் எவரும் பெருநிறுவனத்தின் துணை பெற்றவர் அல்லர். சாமிநாதையர் அக்காலத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பாடஞ் சொல்லும் வேலைக்கு இடையே சுவடிகளை ஒப்புநோக்கினார். முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். அவர்க்கு முன் 1849-இல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சுப்பொறி வாங்கி, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அவரும் ஆசிரியரே. தமிழ்ப் பதிப்புத் துறையின் வேர் வகுப்பறையில் இருந்தது என்று கூறுதல் மிகையன்று.

பிறநாட்டிலும் இத்தகைய தொடக்கம் உண்டு. 1917-இல் இலண்டனையடுத்த ரிச்மண்டில் லியோனார்டு உல்ஃபும் வர்ஜீனியா உல்ஃபும் சிறு கையச்சுப்பொறி ஒன்றை வாங்கி உணவு மேசையின்மேல் வைத்து வேலை தொடங்கினர். எழுத்துக் கோத்தவர் வர்ஜீனியாவே. முதல் வெளியீடு 150 படிகள் அளவே அச்சாயிற்று. அதுவே பின்னர்ப் புகழ்பெற்ற ஹோகார்த் பதிப்பகம்.

இன்று சிங்கையில் சிறு பதிப்பகத்திற்கு உணவு மேசையும் ஒரு கணினியும் போதும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வாழ்வோர் உரிய விதிகளுக்கு உட்பட்டு வீட்டிலிருந்தே சிறு தொழில் நடத்தலாம். ஆயின் வீட்டைச் சரக்குக் கிடங்காக்க விதி இடந்தராது. எனவே புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் அறையில் ஒரு பதிப்பகம் நடைபெறுமாயின், ஆங்கே அச்சுப்பொறியின் ஓசையும் இராது; நூற்கட்டுகளின் குவியலும் இராது. இருப்பது படிக்கும் வேலை ஒன்றே.

கையெழுத்துப் படி

முதல் வேலை, வந்த படியைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்தல். இந்நூல் வேண்டுமா, யார்க்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். நூலாசிரியர் நண்பராயும் இருப்பார். ஒரே ஊரினராயும் இருப்பார். சிறு சமூகத்தில் ‘இவ்வதிகாரம் தேவையில்லை’ என்று சொல்லுதற்கு நெஞ்சுரம் வேண்டும். சொல்லாது விட்டால் நட்பு நிற்கும், நூல் நில்லாது.

சென்னையில் 1974-இல் தோன்றிய ‘க்ரியா’ பதிப்பகம் இத்துறையில் ஒரு வழிகாட்டி. அதன் நிறுவனருள் ஒருவரான எஸ். ராமகிருஷ்ணன், படியைச் செம்மை செய்தலே பதிப்பின் உயிர் என்னும் கொள்கையைச் செயலிற் காட்டினார். அவ்வுழைப்பு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யாக 1992-இல் வெளிவந்தது, 2008-லும் 2020-லும் திருந்திய பதிப்புகள் வந்தன. சிறு பதிப்பகமும் பெருஞ்செயல் ஆற்றலாம் என்பதற்கு இஃது சான்று.

கணினிக் காலத்தில் வேறொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட படி, ஒருங்குறிக்கு மாற்றும்போது சிதைவதுண்டு. ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துகளை அடுத்தடுத்து இட்டுவிடுவர். காகிதத்தில் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தோன்றாது. கணினியில் ‘ஔவையார்’ என்று தேடினால் அச்சொல் அகப்படாது. மின்னூல் காலத்தில் தேடக் கிடையாத சொல் இல்லாத சொல்லே.

ஒரே ஊர், மூன்று எழுத்து

அடுத்த வேலை, நூல் முழுதும் ஒரே முறையைக் கையாளச் செய்தல். சிங்கைத் தமிழ் நூலில் இது கடினம். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளின் ஊர்ப்பெயர்கள் பக்கந்தோறும் வரும். ஒரு சிறுகதைத் தொகுப்பிலேயே ‘புக்கிட் பாத்தோக்’, ‘புக்கிட் பாடோக்’, ‘புக்கிட் பத்தோக்’ என்று மூன்று வடிவங்கள் வந்தால் அயலூர் வாசகர் மூன்று ஊர்கள் என்று கருதக்கூடும்.

எதனைக் கொள்வது? ‘புக்கிட்’ என்பது மலாய் மொழியில் குன்று. பின்வரும் சொல்லின் இடையொலி வல்லொலி. தமிழில் உயிர்களுக்கு இடையே தனித்து நிற்கும் டகரம் மெலிந்து ஒலிக்கும். ‘பாடோக்’ என எழுதினால் மலாய் ஒலி மாறிவிடும். தகர மெய் இரட்டித்து ‘பாத்தோக்’ என எழுதும்போது வன்மை நிலைக்கிறது. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தின் இயல்பிற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. பதிப்பாளர் இத்தகைய முடிவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, நூல் முழுதும் அதனைப் பின்பற்றுவார். சிறு பதிப்பகத்தின் பெருஞ்செல்வம் அக்குறிப்பேடே.

மெய்ப்புத் திருத்தம்

பக்கம் அமைந்தபின் மெய்ப்புப் பார்த்தல் தொடங்கும். நாளின் பெரும்பகுதியை விழுங்குவது இவ்வேலையே. ‘வேலை தேடினான்’ என்றால் பணியைத் தேடினான் என்பது பொருள்; ‘வேலைத் தேடினான்’ என்றால் வேலாகிய படைக்கலத்தைத் தேடினான் என்றாகும். முன்னதில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது, வல்லெழுத்து மிகவில்லை. பின்னதில் உருபு விரிந்து நிற்கிறது, மிகுந்தது. ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. ஓர் ஒற்றால் பொருள் மாறுகிறது.

இவ்விடத்தில் கணினியின் பிழைதிருத்தி முழுத்துணை ஆகாது. இருவடிவமும் தமிழிற் சரியே. எது ஆசிரியர் கருத்து என்பதைச் சூழல் அறிந்த மனிதரே துணிய வேண்டும். ‘அறம்’ என்பது ‘அரம்’ என நின்றாலும் அதுவும் ஒரு சொல்லே, பொறி வாளாவிருக்கும்.

மெய்ப்புப் பார்ப்போர் கையாளும் முறைகள் சில உண்டு. எழுதியவரே தம் படியைப் பார்த்தல் கூடாது. அவர் கண் எழுத்தைக் காணாது, தம் கருத்தையே காணும். முதன்முறை பொருளுக்காகவும், மறுமுறை எழுத்துக்காகவும் படிக்கவேண்டும். தலைப்பு, பக்க எண், படக்குறிப்பு ஆகியவற்றைத் தனியே ஒருமுறை பார்க்கவேண்டும். பெரிய எழுத்தில் உள்ள பிழையே எளிதில் தப்பும். ஒரு திருத்தம் செய்தபின் அவ்வரியைச் சுற்றிய பத்தி முழுவதையும் மீண்டும் படிக்கவேண்டும். திருத்தும்போதே புதுப்பிழை நுழையும்.

பாரமும் செலவும்

நூலின் பக்கங்கள் தனித்தனியே அச்சாவதில்லை. டெம்மி எட்டில் ஒன்று அளவில், ஒரு பெருந்தாளின் இருபுறமும் சேர்ந்து 16 பக்கம் அடங்கும். அதனைப் பாரம் என்பர். 160 பக்க நூல் சரியாக 10 பாரம். அது 163 பக்கமானால் மூன்று பக்கத்திற்காகப் பதினோராம் பாரம் வேண்டும். எஞ்சிய 13 பக்கம் வெற்றுத்தாள். ஆதலின் பதிப்பாளர் முன்னுரையைச் சுருக்குவார்; வரி இடைவெளியைச் சிறிது குறைப்பார்.

படிகளின் எண்ணிக்கையே செலவின் திறவுகோல். படித்தல், திருத்தல், பக்கம் அமைத்தல் ஆகியவற்றின் செலவு எத்தனை படி அச்சிடினும் மாறாது. எடுத்துக்காட்டாக அது 3,000 வெள்ளி என்று கொள்வோம். 3,000 படி அச்சிட்டால் ஒரு நூலுக்கு 1 வெள்ளி. 300 படியே அச்சிட்டால் 10 வெள்ளி. தாளும் அச்சும் இதற்கு மேல். சிங்கைத் தமிழ் நூலின் விலையை நோக்கி வியப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்ளவேண்டும். இச்சுமையைக் குறைக்கப் பலர் நூலைச் சென்னையில் அச்சிட்டுத் தருவிக்கின்றனர். தேசியக் கலை மன்றத்தின் மானியமும் சிலர்க்குத் துணைசெய்கிறது. செலவைச் சுருக்க முனைவோர் முதலில் கை வைப்பது மெய்ப்புத் திருத்தத்தின்மேல் தான். கேடு தொடங்குவதும் அங்கேதான்.

எண்ணும் சட்டமும்

ஒவ்வொரு நூலுக்கும் அனைத்துலகத் தர நூலெண் உண்டு. 2007 முதல் அது 13 இலக்கங்கள் கொண்டது. 978-ஐ அடுத்து 981 என வருவது சிங்கப்பூர் நூல்களின் அடையாளம். ஈற்றிலக்கம் ஒரு காவலன். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்கள் முதலியவற்றை அப்படியே கொண்டு, இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்கள் முதலியவற்றை மூன்றால் பெருக்கி, யாவற்றையும் கூட்டினால் தொகை பத்தால் மீதியின்றி வகுபடவேண்டும். வகுபடாவிடின் எங்கோ பிழை. எண்ணுக்கு அமைந்த இக்காவல் எழுத்துக்கு இல்லையே என்று மெய்ப்புப் பார்ப்போர் ஏங்குதல் இயல்பு.

வெளிவந்த நான்கு வாரத்திற்குள் அச்சு நூலின் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திற்கு அளிக்கவேண்டும் என்பது சட்டம். இதனைச் சுமையாகக் கருதுதல் தவறு. நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சிங்கைத் தமிழ் அச்சுகளுள் எஞ்சியவை பெரும்பாலும் நூலகங்கள் காத்தவையே. ‘சிங்கை நேசன்’ இதழ்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்பட்டன. 2015-இல் நிறைவெய்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி, 1965 முதல் 2015 வரை வெளிவந்த ஏறத்தாழ 350 சிங்கைத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. மின்வடிவத்தைச் சரிபார்க்கத் தன்னார்வத் தொண்டர்கள் உழைத்தனர். நூல் எங்கேனும் ஒரு படி இருந்தாலன்றி அதனை மின்வடிவாக்க இயலாது.

நூல் சேருமிடம்

அச்சான நூல் பெரிதும் விற்பது வெளியீட்டு விழாவில் தான். தமிழ்மொழி விழா நடைபெறும் ஏப்ரல் மாதத்தில் இவ்விழாக்கள் மிகுதி. விழா முடிந்த மறுநாள் வேலை கடினமானது: எஞ்சிய கட்டுகளுக்கு இடந்தேடுதல், சிராங்கூன் வட்டாரக் கடைகளில் சில படிகளைச் சேர்ப்பித்தல், நூலகங்களுக்கு எழுதுதல், மதிப்புரைக்கு அனுப்புதல், வரவு செலவு பார்த்தல். நூலகம் வாங்கும் சில படிகள், தனி வாசகர் வாங்கும் படிகளைவிடப் பலர் கைக்குச் செல்லும். புக்கிட் பாத்தோக் வெஸ்ட் மாலில் 1998-இல் திறக்கப்பட்டது போன்ற வட்டார நூலகங்களின் வழியே, நூல் வாங்க இயலாத மாணவரும் நூலைப் பெறலாம்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

சிறு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்போர் தப்பவிட்ட பிழை, வகுப்பறையில் மாணவர் ஏட்டில் வந்து அமர்கிறது. ‘புத்தகத்தில் இப்படித்தான் உள்ளது’ என்று மாணவர் கூறும்போது ஆசிரியர்க்கு விடையளித்தல் எளிதன்று. அச்செழுத்துக்கு அத்துணை மதிப்பு உண்டு. எனவே பிழை திருத்துதல் பதிப்பாளரின் தனித்தொழில் அன்று. ஆசிரியர்க்கும் அதில் பங்குண்டு.

நூலைப் படிக்கும் ஆசிரியர் கண்ட பிழைகளைப் பக்க எண்ணுடன் குறித்துப் பதிப்பகத்திற்கு அனுப்பலாம். மறுபதிப்பில் அவை களையப்படும். ஓய்வு பெற்றோர் ஆண்டுக்கு ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்த்துத் தரலாம். உயர்வகுப்பு மாணவர்க்கு ஒருபக்க மெய்ப்பைக் கொடுத்துத் திருத்தச் செய்தால், புணர்ச்சி விதிகள் மனப்பாடமாக நில்லாமல் கைத்தொழிலாக மாறும். பள்ளி நூலகத்திற்கு ஆண்டில் சில உள்ளூர் நூல்களை வாங்கினால், 300 படி 400 படியாகும், விலையும் குறையும், அடுத்த நூலுக்குத் திருத்துவோர் ஒருவரை அமர்த்தப் பொருளும் கிட்டும்.

நாவலரும் சாமிநாதையரும் ஆசிரியராயிருந்துகொண்டே பதிப்பித்தனர். அவர் செய்ததில் நூற்றில் ஒரு பங்கை இன்றைய ஆசிரியர் மேற்கொண்டாலும் சிறு பதிப்பகங்கள் நிலைபெறும். பிழையற்ற நூல் மாணவர் கைக்கு வரும்.