வண்டி தள்ளும் கரங்கள்



வீடு மாறும்போதும், கடைக்குச் சரக்கு எடுக்கும்போதும் கைவண்டியைக் கூலிக்கு அமர்த்துகிறோம். கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்கிடுகிறோம். அந்த வண்டி பாரத்தை எவ்வாறு தாங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அதனை அறிந்தவர், வண்டிக்காரரிடம் அநீதமாக நடந்துகொள்ளத் தயங்குவார்.

முதலாவது, கட்டட வேலையில் மணலும் ஜல்லியும் கொண்டு செல்லும் ஒற்றைச் சக்கர வண்டி. முன்னே சக்கரம், நடுவே தொட்டி, பின்னே இரு கைப்பிடிகள். இது ஒரு நெம்புகோலே. சக்கரத்தின் அச்சிலிருந்து பாரத்தின் மையம் ஒன்றரை அடியிலும், கைப்பிடி நாலரை அடியிலும் இருந்தால், 60 கிலோ மணலில் 20 கிலோ மட்டுமே கைகளில் விழும். 40 கிலோவைச் சக்கரம் ஏற்கும். மணலைப் பின்பக்கமாகக் குவித்தாலோ அதே பாரம் கைகளை வருத்தும். பண்டைய சீனர்கள் பெரிய சக்கரத்தை வண்டியின் நடுவில் பொருத்தி, பாரத்தை அதன்மீதே அமைத்தனர்.

இரண்டாவது, மூட்டைகள் ஏற்றும் இருசக்கரக் கைவண்டி. இதில் பாரம் அச்சின்மீது சரியாக அமைய வேண்டும். முன்புறம் கனத்தால் இழுப்பவரின் கைகள் சோரும். பின்புறம் கனத்தால் முன்சட்டம் மேலெழும்பும்.

மூன்றாவது, பழ வியாபாரிகளின் நான்கு சக்கரத் தள்ளுவண்டி. பாரம் தானாகவே நிற்கும். ஆனால் பிரேக் இல்லாத வண்டி இறக்கத்தில் ஆபத்தானது. கிடங்குகளில் மூட்டைகளைச் சாய்த்து உருட்டும் சிறு டிராலியும் உண்டு. அது சமதரைக்கே ஏற்றது.

வயது வந்த ஆண் தொழிலாளர் ஒருவர் தாமே சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. சக்கரம் இருப்பதால் அதனினும் அதிகம் நகர்த்த முடிகிறது. ஆனால் சக்கரம் இருக்கிறதே என்று அளவின்றி ஏற்றினால், மேட்டிலும் பள்ளத்திலும் அந்தப் பாரம் மனிதன் மீதே திரும்புகிறது.

இதை நான் பட்டறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவின் நூல்களை இடம் மாற்ற ஒரு கைவண்டியை அமர்த்தினேன். இரண்டு நடைக்குரிய பாரத்தை, கூலியை மிச்சப்படுத்த எண்ணி ஒரே நடையில் ஏற்றச் சொன்னேன். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முதியவரான வண்டிக்காரர் தோள் கொடுத்து முட்டினார். நான் குடை பிடித்தபடி பின்னால் நின்றேன். வழியே சென்ற பள்ளிச் சிறுவன் ஒருவன் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கை கொடுத்தான். அதன் பிறகே நான் குடையை மடக்கினேன்.

பணியாளர் மீது சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது என்றும், சுமத்த நேர்ந்தால் நாமும் உதவ வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஒருவருடைய வாகனத்தில் பொருளை ஏற்ற உதவுவதும் ஸதகா என்றார்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆகவே, அடுத்த முறை கைவண்டியை அழைக்கும்போது கூலியை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதை வண்டிக்காரரே சொல்லட்டும். மேடு வந்தால் உங்கள் பிள்ளைகளையும் கை கொடுக்கச் சொல்லுங்கள். இறக்கி முடித்ததும் ஒரு செம்பு தண்ணீரும், பேசிய கூலியும் தாமதமின்றி அவர் கைக்குச் சேரட்டும்.

உழைப்பவரின் உரிமையைப் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.