ஊரை விட்டுப் போன தோட்டம்

காணும் பொங்கலன்று சென்னையிலிருந்து தெற்கே வரும் பஸ்களைப் பார்க்க வேண்டும்! புளியோதரை மூட்டையும் குழந்தை குட்டிகளுமாக ஜனங்கள் நெருக்கியடித்து வருவார்கள். வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் கால் வைக்க இடம் இராது. மாமல்லபுரத்தில் சிற்பங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மரநிழலிலும் கடற்கரையிலும் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்த பிறகே எழுந்திருப்பார்கள்.

நிழலுக்கும் காற்றுக்கும் இவ்வளவு தூரமா? சென்னையில் தோட்டமே இல்லையா? இருந்தது.

உயிர் காலேஜ்

1859-ல் சென்னைக் கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். அவருடைய முயற்சியால், இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' ஏற்பட்டது. 1855-ல் எட்வர்டு பால்ஃபர் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக் காட்சி சாலையும் பிறகு அங்கே வந்து சேர்ந்தது. மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக் காட்சி சாலை 'உயிர் காலேஜ்' என்பது பட்டணத்து ஜனங்கள் வைத்த பெயர்.

அப்புறம் நடந்தது என்ன? அந்த நிலத்தில் விக்டோரியா ஹால் எழுந்தது. 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் கட்டிடம், பின்னர் ஸ்டேடியம் வந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரியந்தான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இடந்தான் தேவைப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டம் கரைந்துவிட்டது! 1985-ல் உயிர் காலேஜும் வண்டலூர்க் காட்டுக்குக் குடிபோயிற்று.

அங்கே 602 ஹெக்டேர் நிலம். பழைய தோட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். மிருகங்களுக்கு இது லாபம், சந்தேகமில்லை. மனிதர்களுக்கோ? வேலை முடிந்து நடந்து போய்க் காற்று வாங்கிய இடத்துக்குப் பதிலாக, பஸ் கட்டணமும் நுழைவுச் சீட்டும் கொடுத்துப் போகும் இடம் கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் தோட்டம் இருந்தால் தினமும் போகலாம். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தால் வருஷத்துக்கு ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் கூட்டந்தான் காணும் பொங்கல் நெரிசல்.

செங்கல்பட்டுக்கு ஒரு பாடம்

செங்கல்பட்டு 2019-ல் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக வீடுகள் பெருகி வருகின்றன. ஆனால் ஸ்டேஷனை ஒட்டியே கொளவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. ரயில் ஜன்னல் வழியே அதைப் பார்த்து மகிழாத பிரயாணி உண்டா? கரையில் நிழல் மரங்களும், கிழவர்கள் நடக்க ஒரு பாதையும், சிறுவர்கள் ஓடியாட ஒரு திடலும் இருந்தால், அதைவிட உல்லாசம் இந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்?

நாளைக்கு யாராவது வந்து, "நல்ல காரியத்துக்குத்தான், ஏரிக்கரையில் கொஞ்சம் இடம் வேண்டும்" என்று கேட்கக்கூடும். அவருக்கு பீப்பிள்ஸ் பார்க்கின் கதையைச் சொல்லி அனுப்புங்கள்!