திரை உடைந்த மடிக்கணினிக்கு இன்னொரு திரை

மாணவர்களே, பண்டமாரானில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காள் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கிறாள். தம்பி கட்டிலிலிருந்து மடிக்கணினியைத் தவறவிட்டுவிட்டான். திரையில் விரிசல், பாதி கறுப்பு, மீதி வண்ணக் கோடுகள். புதிய திரை போட அப்பாவிடம் இப்போது பணமில்லை. ஆனால் கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. அக்காளின் பாடக்குறிப்புகள் அத்தனையும் அந்தக் கணினிக்குள்தான்.

கவலை வேண்டாம். உடைந்தது திரை மட்டுமே. படத்தை உருவாக்கும் பகுதி உள்ளே வேறாக இருக்கிறது. அது உருவாக்கும் படத்தை வேறொரு திரைக்கு அனுப்ப ஒரு கம்பி போதும். எச்டிஎம்ஐ என்ற அந்தக் கம்பியின் முதல் தரவரையறை 2002 டிசம்பரில் வெளியானது. 2019-இல் நம் நாடு இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறியபோது வீடுகளுக்கு வந்த டிகோடர் பெட்டிகள் பலவற்றிலும் இதே செருகுவாய் உண்டு. ஆகவே கடைக்கு ஓடுமுன் தொலைக்காட்சியின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். கம்பி ஏற்கெனவே அங்கே தொங்கிக்கொண்டிருக்கலாம்.

செருகியதும் படம் ஏன் உடனே வருவதில்லை? அந்த ஓரிரு நொடிகளில் இரண்டு கருவிகளும் பேசிக்கொள்கின்றன. செருகியின் முனையில் 19 தொடுமுனைகள் இருக்கின்றன. 18-ஆம் முனை வழியாகக் கணினி 5 வோல்ட் மின்னழுத்தம் அனுப்புகிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று தொலைக்காட்சி 19-ஆம் முனை வழியாகப் பதில் சொல்கிறது. பிறகு 15, 16-ஆம் முனைகள் வழியாகத் தொலைக்காட்சி தன் அடையாள அட்டையைக் காட்டுகிறது. தயாரித்த நிறுவனத்தின் குறியீடு, திரையின் அளவு, எந்தெந்தப் படத் தெளிவைக் காட்ட முடியும், ஒலியை ஏற்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இத்தனைக்கும் அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்! அதைப் படித்த பிறகே கணினி படம் அனுப்பத் தொடங்கும். 'சிக்னல் இல்லை' என்று வந்தால் பல வேளைகளில் இந்தப் பேச்சு பாதியில் நின்றிருக்கும். கம்பியைக் கழற்றி மீண்டும் செருகினால் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். அதற்கு முன், தொலை இயக்கியில் சரியான செருகுவாயைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான்!

இப்போது ஒரு கணக்கு. முழு எச்டி திரையில் 1920 x 1080, அதாவது 2 மில்லியனுக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3 பில்லியன் பிட் வரும். இவ்வளவு வேகத்தில் ஓடும் தகவலை விசிறி, மின்விளக்கு முதலியவற்றின் மின் இரைச்சல் கெடுத்துவிடாதா?

அதற்குத்தான் முறுக்கிய இரட்டைக் கம்பிகள். ஒன்றில் +1 போனால் மற்றதில் −1 போகும். வழியில் 3 அளவு இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் ஒன்றுபோலவே புகும். அவை 4, 2 என்றாகும். தொலைக்காட்சி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. விடை 2. இரைச்சல் இல்லாதபோதும் விடை அதே 2தான். படிவம் ஒன்றில் படித்த கழித்தல் இங்கே காவல் காக்கிறது.

படம் வந்தும் உடைந்த திரையிலேயே எல்லாம் தெரிந்தால், விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தி 'இரண்டாம் திரை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலி வராவிட்டால் ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கித் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால், தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பை மாற்றுங்கள். பழைய குழல் தொலைக்காட்சிகளில் ஓரங்கள் சீராக இல்லாததால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பார்கள். குழல் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கடையில் ஓர் எச்சரிக்கை. பழைய கணினியில் 15 முனை கொண்ட விஜிஏ வாய் மட்டும் இருந்தால், இரு முனையிலும் செருகி மாட்டிய மலிவான கம்பியை வாங்காதீர்கள். விஜிஏ தருவது தொடர்முறைச் சைகை. எச்டிஎம்ஐ கேட்பது இலக்கச் சைகை. நடுவில் மாற்றும் மின்சுற்று வேண்டும். அதிலும் "விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்த்திசைக்கான கருவி உங்களுக்குப் பயன்படாது.

கிள்ளான் பக்கம் மாலை இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரை ஏரியல் வழியாகப் புகும் மின்னெழுச்சி, தொலைக்காட்சியைக் கடந்து இதே கம்பி வழியாகக் கணினியையும் தாக்கலாம். வானம் கறுக்கத் தொடங்கும்போதே, இடி கேட்குமுன், இரண்டையும் பிரித்துவிட்டு மின்செருகிகளையும் ஏரியலையும் கழற்றி வையுங்கள்.