விழாமல் நடப்போம்

கொல்கத்தாவின் தென்பகுதியில் கரியாஹாட் கடைத்தெரு இருக்கிறது. அங்கே நடைபாதையில் கூட்டம் அதிகம். யாராவது இடித்தால் இளைஞர் சமாளித்து நின்று கொள்வார். வயதானவர் விழுந்து விடுவார். ஏன்?

வயது ஏற ஏறத் தசைகள் மெலிகின்றன. கால்களின் பலம் குறைகிறது. பார்வை மங்குகிறது. தடுமாறாமல் நிற்கும் திறனும் குறைகிறது. கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். பிறகு குளிப்பதற்கும் பிறர் துணை வேண்டியிருக்கும்.

விழுந்து விடுவோமோ என்று பயந்து சிலர் உட்கார்ந்தே இருக்கிறார்கள். அதனால் கால்கள் இன்னும் பலம் இழக்கின்றன.

கரியாஹாட்டுக்கு அருகில் ரவீந்திர சரோவர் என்ற பெரிய ஏரி உள்ளது. தினமும் காலையில் முதியவர்கள் பலர் அதன் கரையில் நடக்கிறார்கள். நடப்பது நல்லது. ஆனால் நடை மட்டும் போதாது. பலம் தரும் பயிற்சியும் வேண்டும். தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இவற்றை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இப்படிச் சொன்னது.

“வயதான பிறகு பலம் வருமா?” என்று கேட்கலாம். வரும்.

அமெரிக்காவில் பாஸ்டன் என்ற நகரம் உள்ளது. அங்கே மருத்துவர்கள் 10 முதியவர்களுக்குக் கால் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் வயது 86 முதல் 96 வரை. 9 பேர் 8 வாரப் பயிற்சியை முடித்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இருவர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். இந்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் இவை:

1. ஆடாத நாற்காலியில் உட்கார வேண்டும். கை ஊன்றாமல் எழ வேண்டும். மெதுவாக உட்கார வேண்டும். முடிந்த அளவு இப்படிச் செய்யலாம்.

2. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்க வேண்டும்.

3. சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். 10 எண்ணும் வரை நின்றால் போதும். பிறகு கால் மாற்றலாம்.

முதலில் பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருப்பது நல்லது. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் தரை ஈரமாக இருக்கக் கூடாது. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் வேண்டும்.

வீட்டுப் பெரியவரை “சும்மா உட்காருங்கள்” என்று சொல்வது அன்புதான். ஆனால் “வாருங்கள், கொஞ்சம் நடக்கலாம்” என்று அழைப்பது அதைவிடப் பெரிய அன்பு.