பிரெடெரிக்ஸ்பர்க், டெக்சாஸ்

பிரெடெரிக்ஸ்பர்க் என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கில்லெஸ்பி கவுண்டியின் தலைமையிடமாக உள்ள சிறு நகரமாகும். 1846-இல் ஜெர்மானியக் குடியேறிகள் இதனை நிறுவி, பிரஷ்ய இளவரசர் பிரெடெரிக்கின் பெயரைச் சூட்டினர்.

இவ்வூர் அமைந்த பகுதிக்கு அருகே கோமான்சி பழங்குடியினர் வாழ்ந்தனர். குடியேற்றத் தலைவர் ஜான் மியூசெபாக் 1847-இல் அவர்களை நேரில் சந்தித்துப் பேசி உடன்படிக்கை செய்துகொண்டார். பரிசுப் பொருள்களுக்கு ஈடாக நிலத்தை அளந்து குடியேற அவர்கள் இசைந்தனர். இரு தரப்பும் அடிக்கடி மோதிக்கொண்ட அக்காலத்தில் இது அரிய நிகழ்வாகும்.

தொலைவிலுள்ள பண்ணைகளில் வாழ்ந்தோர் வார இறுதியில் சந்தைக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கும் வந்து தங்கக் கட்டிய சிறிய ‘ஞாயிறு வீடுகள்’ சில இன்றும் உள்ளன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய செஸ்டர் நிமிட்ஸ் 1885-இல் பிறந்தது, வியப்பாக, கடலே இல்லாத இவ்வூரில்தான். அவருடைய தாத்தா நடத்திய விடுதிக் கட்டடம் இப்போது பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. ஊருக்கு வடக்கே இளஞ்சிவப்பு நிறக் கருங்கல் குன்றான ‘என்சான்டட் ராக்’ உள்ளது.