சளி மஞ்சளாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது. இதற்குக் காரணமான வைரஸ்கள் 200-க்கும் மேல் உண்டு. அவற்றில் அடிக்கடி வந்து போவது ரைனோவைரஸ். அதைக் கொல்லும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே விரட்டிவிடும். இருமல் மட்டும் சிலருக்கு மூன்று வாரம் வரை இழுக்கும்.

ஆனால் மூன்றாம் நாள் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்ததும், ‘சளி முத்திருச்சு’ என்று மெடிக்கலுக்கு ஓடுகிறோம். சின்னக் காகிதக் கவரில் ஒரு ‘செட்’ கிடைக்கும்: பாரசிட்டமால் ஒன்று, மூக்கொழுகலுக்கு செட்ரிசின் ஒன்று, கூடவே அட்டையிலிருந்து கத்தரித்த அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று. கிருமியோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. சளிக்கு அந்த நிறம் வருவது அதனால்தான். வைரஸ் சளியிலும் இது நடக்கும். ஆன்டிபயாடிக்கோ பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். ஐந்தாம் நாள் சளி தானாகக் குறையும்போது நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் நமக்கு மிச்சம்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அதே பாரசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால், அளவு மீறி ஈரலைப் பாதிக்கலாம்.

மூக்கடைப்புக்கு முதலில் சலைன் சொட்டு. சைலோமெட்டசோலின் வகைச் சொட்டு மருந்து அடைப்பைச் சட்டென்று திறக்கும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டுப் பழகினால், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், நோயின் நாட்கள் குறையாது. நொச்சி இலை போட்டாலும் அப்படித்தான். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. போர்வைக்குள் அவர்களை இழுக்காதீர்கள். மிளகு ரசமும் வைரஸைக் கொல்லாதுதான். ஆனாலும் காய்ந்த தொண்டைக்குச் சூடாக இறங்கும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது: பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுப் பாதிப்பு வரக்கூடும். கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

இருமல் சிரப் விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தானாக ஆறும் இருமலுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் சிரப் வேண்டாம்.

பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதா என்ற சந்தேகம் வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் 40-ஐ எட்டினாலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ஐ எட்டினாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்குக் காய்ச்சல் என்றாலே காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், மூன்று நாள் தாண்டிய காய்ச்சல், குறைந்து மறுபடி ஏறும் காய்ச்சல் என்றால் டாக்டரைப் பாருங்கள். மழைக்காலத்தில் மூக்கு ஒழுகாமல் காய்ச்சல் மட்டும் கொளுத்தினால் அது டெங்குவாகவும் இருக்கலாம். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம்.